பனிமலையிலிருந்து மோட்டார் போட்டவர்

கோட்டூர்புரத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்ஸின் தண்ணீர் மோட்டாரை, இமயமலையில் நின்றபடியே போடச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, ஏன் தாமதமாக நிறுத்தினீர்கள் என்று விளக்கமும் கேட்ட ஒரே மனிதர் பிளேன் சார்தான். உலகத்தில் வேறு எந்த ஃபிளாட்ஸுக்கும் இந்தப் பெருமை கிடைத்திருக்காது. கிடைக்கவும் வேண்டாம், பாவம், அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. பெயருக்கு முன்னால் ராணுவம் கொடுத்த பதவியும் உண்டு. எங்கள் வாட்ச்மேன் தனசேகர் இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டுப் "பிளேன் சார்" என்று வைத்தான். அவர் ஓட்டுவது பிளேன் இல்லை, ஹெலிகாப்டர். அதை அவர் பலமுறை, பொறுமையாக, கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டி விளக்கியிருக்கிறார். தனசேகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மேல தானே சார் பறக்குது, அப்புறம் இன்னா?" என்று முடித்துவிட்டான். அதற்குப் பிறகு தபால்காரர் முதல் பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பிளேன் சார் ஆகிவிட்டார்.

இரண்டாவது மாடியில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிர் வாசல். அவர் மனைவி சுதா அடையாறில் பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, தன் வாயை அதிகம் திறக்காத பெண். பிளேன் சாரை அப்போது வடக்கே பனிமலைப் பக்கம் போட்டிருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத இடம். எந்த இடம் என்று கேட்டால் ராணுவ ரகசியம் என்று உதட்டைப் பூட்டிக்கொள்வார். ஆனால் அங்கே காலையில் பற்பசை கல்லாகிப்போனது, முட்டையைச் சுவரில் அடித்தும் உடையாதது, உருளைக்கிழங்கு எத்தனை நேரம் வேகவைத்தும் வேகாதது எல்லாம் எங்கள் ஃபிளாட்ஸில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர் எங்களுக்கு எப்படிச் செயலாளரானார் என்று கேட்பீர்கள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் "அடுத்த செயலாளர் யார்?" என்று கேள்வி வந்ததும் எல்லோரும் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். அந்த நேரம் யார் நிமிர்ந்து பார்க்கிறாரோ அவர் தலையில் பதவி விழும். அந்த வருடம் பிளேன் சார் லீவில் வந்திருந்தார். ராணுவத்தில் தரையைப் பார்க்கச் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்த்தார். உடனே எல்லோரும் கைதட்டிவிட்டோம். இன்னும் சில நாளில் மலைக்குத் திரும்பிப் போகிற மனுஷர், பெயரளவுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது எங்கள் கணக்கு. வேலையைக் கவனிக்கத் துணைச் செயலாளர் என்று ஒருத்தி வேண்டுமே, எதிர் வீடு என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

எங்கள் கணக்கு தப்பு என்று அவர் மலையேறிய மறுநாளே தெரிந்தது.

அவருடைய நாள் எப்படிப் போகும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவார். அந்தக் குளிரில் இன்ஜினுக்கே முதலில் சூடு காட்டித்தான் எழுப்ப வேண்டுமாம். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, மலை முகட்டில் இருக்கிற காவல் முகாம்களுக்கு மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு, மருந்து எல்லாம் கொண்டுபோய்ப் போடுவார். உடம்பு சரியில்லாத சிப்பாய்கள் யாராவது இருந்தால் ஏற்றிக்கொண்டு கீழே வருவார். வெயில் ஏற ஏற அங்கே காற்று மோசமாகிவிடும் என்பதால் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். இறங்கியதும் ஒரு டம்ளர் டீ. அதற்குப் பிறகு சமையல் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு டின் மேல் ஏறி நிற்பார். அந்த முகாமில் செல்ஃபோன் சிக்னல் கிடைக்கிற இடம் அந்த டின் ஒன்றுதான். ஆளுக்குப் பத்து நிமிடம். பின்னால் ஒரு வரிசையே குளிரில் காலை உதைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் எங்கள் ஃபிளாட்ஸை ஆண்டார்.

முதல் ஃபோன் தனசேகருக்கு. ஹெலிகாப்டரில் இரண்டு பைலட்டாம். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் மோட்டாருக்கும், அது தண்ணீர் எடுக்கிற தரைக்கடித் தொட்டியான சம்புக்கும் அதே மரியாதை.

"சம்ப்?"

"முக்கா கீது சார்."

"வால்வு?"

"தொறந்து கீது."

"தொட்டுப் பார்த்தியா?"

"தொட்டுகினே தான் சார் பேசிகினு கீறேன்."

"சரி. மோட்டார் ஆன்."

தனசேகர் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிளேன் கெளம்பிடுச்சு மேடம்" என்று என்னிடம் சொல்வான். ஊரில் மற்ற வாட்ச்மேன்கள் எல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போய், மேல் டேங்க் வழிந்து, சுவரெல்லாம் பாசி பிடித்துக் கிடந்த நாட்களில் எங்கள் டேங்க் ஒரு சொட்டு வழிந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். திட்டுகிறபோது நியாயத்தை விடக் கூடாது.

அடுத்தது லிஃப்ட். உயரத்தில் காற்று லேசாக இருக்குமாம், அதனால் ஒரு கிலோ கூடினால்கூட ஹெலிகாப்டர் எழும்பாதாம். எதை ஏற்றினாலும் எடை போட்டு ஏற்றியே அவருக்குப் பழக்கம். எங்கள் லிஃப்ட் இரண்டு தடவை நடுவில் நின்றதும், எல்லோருடைய எடையையும் வாங்கி அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்தது. செருப்பு, கைப்பை, டிபன் கேரியர் சகிதம். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளை வீட்டு வாசலில் போய் நின்று எடை கேட்பது என்ன மாதிரி வேலை என்று பனிமலையில் இருக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? மூன்றாவது மாடியில் ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். இன்றுவரை கோயிலில் பார்த்தால்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கடைசியில் என் எடையையாவது உருப்படியாகச் சொல்லுவோம் என்று சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

"மேடம், நான் லீவுல வந்தப்ப உங்களைப் பார்த்திருக்கேன். இது சரியா வராதே" என்றார்.

கண்ணால் பார்த்தே எடை சொல்லுகிற ஆளிடம் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை.

பிறகு ஜோடி விவகாரம். அந்த மலையில் ஹெலிகாப்டர் ஒற்றையாகப் போகவே போகாதாம். எப்போதும் இரண்டாகத்தான் போகும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எங்கள் மொட்டை மாடி டேங்கைப் பார்க்கத் தனசேகர் தனியாகப் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. கூடத் துணைச் செயலாளர் போக வேண்டும். என் முழங்காலுக்கு இருக்கிற யோக்கியதை எனக்குத்தான் தெரியும். அவன் ஏணியில் ஏறி டேங்குக்குள் எட்டிப் பார்ப்பான். நான் கீழே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். விழுந்ததை யாராவது பார்த்துச் சொல்லணும் இல்லையா மேடம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டே இல்லை. நான் அதற்குப் பிறகு முனகாமல் ஏறினேன்.

கார்களையும் விடவில்லை. எல்லாக் காரும் மூக்கு வெளியே பார்த்தபடி, எந்த நேரமும் கிளம்பத் தயாராக நிற்க வேண்டும். கீழ்வீட்டு மாமாவுக்கு இதில்தான் கோபம் வந்தது. மாமா மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து எங்கள் ஃபிளாட்ஸுக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஆனால் இன்னும் இங்கே விருந்தாளியாக வந்தவர் மாதிரிதான் பேசுவார். அவருடைய கார் பேட்டரி செத்துப்போய், சக்கரத்தில் காற்றிறங்கி, பானெட்டில் பூனை குட்டி போட்டு வளர்த்து அனுப்பிய கார். நாலு பேர் சேர்ந்து தள்ளி அதைத் திருப்பி நிறுத்தினார்கள். பூனை மாத்திரம் இந்த ஏற்பாட்டில் திருப்தியாக இருந்தது.

லீவில் வந்தால் இன்னும் மோசம். மலை முகட்டில் இறங்கினால் இன்ஜினை அணைக்க மாட்டார்களாம். அணைத்தால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பாமல் போய்விடலாம். இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூட்டையை இறக்கிவிட்டுப் பறந்துவிட வேண்டும். மனுஷர் அதே புத்தியோடு சுதாவைப் புடவை வாங்க தி.நகர் கூட்டிப்போனார். கடை வாசலில், பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சந்தடியில், காரை நிறுத்திவிட்டு இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சுதா உள்ளே போய், கைக்குக் கிடைத்த முதல் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அரக்குக் கலரில், அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத புடவை. என்னிடம் காட்டும்போது சிரித்தாள். அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா, நேரத்துக்கு முடிச்சேனாம் என்றாள். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் ஃபோன் வரவில்லை.

தனசேகர் மோட்டார் ரூம் வாசலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சிக்னல் இல்லையாயிருக்கும் என்று நான் சொன்னேன். மறுநாளும் வரவில்லை. மேலே பனிப்புயலாயிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், சொல்லிவிட்டு டி.வி.யில் செய்தியை வைத்தார், உடனே அணைத்தார். ஃபிளாட்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மூன்றாவது மாடி அம்மாகூட லிஃப்டில் என்னைப் பார்த்து, ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்டார். தனசேகர் மட்டும் வழக்கத்தை விடவில்லை. அவனே "சம்ப்?" என்று கேட்டான், அவனே "பாதி கீது சார்" என்று சொன்னான், வால்வைத் தொட்டுப் பார்த்தான், மோட்டாரைப் போட்டான். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுதா க்ளினிக்குக்குப் போகவில்லை. அடுத்த நாள் காலையில் வலுக்கட்டாயமாக அவளை என் வீட்டுக்கு அழைத்துவந்து உட்கார வைத்தேன். இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. மத்தியானம் வரை அப்படியே இருந்தோம். அப்போது என் ஃபோனில் ஃபிளாட்ஸ் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பிளேன் சார்தான். "இரண்டு நாளாக வானிலை மோசம். கீழே வர முடியவில்லை. மேல் டேங்க் லெவல் உடனே சொல்லவும்."

நான் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஃபோனை அவளிடம் காட்டினேன். அவள் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் படித்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய ஃபோன் பக்கத்திலேயே கிடந்தது, அதில் அவளுக்கென்று ஒன்றும் வரவில்லை. மனுஷர் உயிரோடு இறங்கி, டின் மேல் ஏறி, முதலில் விசாரித்தது டேங்கை.

அவளுக்கு ஃபோன் கடைசியில் வந்தது. நல்லாருக்கேன், கவலைப்படாதே என்றார். அதற்குப் பிறகு, சம்ப் மூடி உடைந்திருந்ததே, மாற்றியாகிவிட்டதா என்றார். அதற்குள் பின்னாலிருந்து அடுத்த ஆள் இந்தியில் கத்த, ஃபோன் நின்றுவிட்டது.

சுதா ஃபோனை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, இவரை எப்படியாவது செக்ரட்டரி போஸ்ட்லேர்ந்து தூக்கிடுங்க" என்றாள்.

நான் சமாதானமாக ஏதோ சொல்லப் பார்த்தேன். அவள் விடவில்லை. வாய் திறக்காத பெண் அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு நாளைக்கு அவளுக்கென்று இருப்பது அந்தப் பத்து நிமிடம். அதில் மோட்டாருக்குப் போனது போக, லிஃப்டுக்குப் போனது போக, கார் மூக்குக்குப் போனது போக மிச்சம்தான் அவளுக்கு. அந்த மிச்சத்திலும் சம்ப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தூங்கினீங்களா என்று கேட்டால் லாரித் தண்ணி வந்துதா என்கிறார். பயமா இருந்துதா என்று கேட்டால் மேல் டேங்கைக் கழுவினார்களா என்கிறார். அவருக்கு என்னோட பேச ஒண்ணுமே இல்லையா அக்கா என்று கேட்டாள். ஆண்டுக் கூட்டம் வரப்போகிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பார்த்துக்கொள்வதற்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மாடி அம்மா எடை விஷயத்துக்காகவே தயாராக இருந்தார். கீழ்வீட்டு மாமா இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். எங்காத்துல ரெண்டு ஓட்டு இருக்கு, ரெண்டும் இந்தக் காரியத்துக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். யாரிடமும் சுதாவின் பெயரை நான் எடுக்கவில்லை.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்போம், அந்த வருடம் செயலாளருக்குச் சிக்னல் கிடைக்கிற மத்தியான நேரத்துக்கு மாற்றினோம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் மேல் என் ஃபோனை ஸ்பீக்கரில் வைத்தோம். செயலாளர் நாற்காலியில் ஃபோன், சுற்றி நாங்கள். காற்றின் சத்தம் ஹோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டூர்புரத்து வெயிலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்தபடி அந்தக் காற்றைக் கேட்டோம்.

மாமா எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"ஊர்லயே இல்லாத ஒருத்தரைச் செக்ரட்டரியா வெச்சுண்டு நாம என்ன பண்றது? என் காரை நாலு பேர் தள்ளித் திருப்பினா. அது ஓடாத கார், தெரியுமோல்லியோ?"

"ஓடாத கார் அங்க ஏன் மாமா நிக்குது?" என்றது நாற்காலி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படியே போனால் காரியம் கெட்டது, இன்னொரு வருடத்துக்கு இவர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சுதாவை இடித்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"நான் சுதா பேசறேன்" என்றாள். "எனக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு. அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் பேச முடியும். அது முழுக்க இந்த பில்டிங்குக்குப் போகுது. எனக்கு அந்தப் பத்து நிமிஷம் வேணும். அதனால அவரை எடுத்துடுங்க."

யாரும் விசிறவில்லை. ஃபோனில் காற்று மட்டும் இரைந்தது. அப்புறம் அவர் குரல் வந்தது, எங்களுக்குப் பழக்கமான அந்த உத்தரவுக் குரல் இல்லை.

"சுதா, இங்க இறங்கினதும் கை நடுங்கும். சில நாள் ரொம்ப நடுங்கும். அப்போ உன்கிட்ட பேசினா என் குரல்லயே எல்லாம் உனக்குத் தெரிஞ்சிடும். சம்ப் பத்திக் கேட்டா தெரியாது. அதான் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

சுதா நாற்காலிப் பக்கம் குனிந்தாள். அங்கே அத்தனை பேர் உட்கார்ந்திருந்ததை அவள் மறந்தே போயிருப்பாள்.

"தெரியட்டும்" என்றாள்.

மூன்றாவது மாடி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். யாராவது பேச வேண்டுமே என்று நான்தான் எழுந்து, செயலாளரை நீக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். எல்லாக் கையும் மேலே போனது. ஓட்டு இல்லாத தனசேகர்கூட கேட் பக்கத்திலிருந்து ஒரு கையைத் தூக்கினான்.

"என் கையையும் சேர்த்துக்குங்க மேடம், தூக்கிட்டுத்தான் நிக்கிறேன். கையுறை போட்டிருக்கேன், பரவாயில்லையா?" என்றது நாற்காலி.

எங்கள் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. அடுத்த செயலாளர் யார் என்ற கேள்வி வந்ததும் வழக்கப்படி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் சுதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அன்றிலிருந்து நான்தான் செயலாளர்.

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் சுதா க்ளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், டேங்க் நிழலில் நின்று பேசுவாள். முதல் சில நாள் பேச்சே இருக்காதாம். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும், நானும் சும்மா இருப்பேன் அக்கா என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்ல ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து மோட்டார் குழாயில் காற்றடைத்து ஏர் பிடித்துக்கொண்டது. சரியாக மத்தியான நேரம். தனசேகர் மோட்டாரின் வாய் வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அது உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக்குக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த மோட்டாரின் குணம் முழுக்கத் தெரிந்த ஆள் பனிமலையில் டின் மேல் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு ஆட்கள் வாளியோடு வந்து படிக்கட்டில் கூடிவிட்டார்கள். புதுச் செயலாளரைப் பற்றி அவரவர் அபிப்பிராயத்தை என் காதில் விழுகிற மாதிரியே பேசிக்கொண்டார்கள்.

தனசேகர் என் பக்கத்தில் வந்தான்.

"மேடம், சுதாம்மா மேல சார்கிட்டதான் பேசிகினு கீது. ஒரு நிமிசம் போனைக் குடுக்கச் சொன்னா, இன்னா பண்ணணும்னு சார் சொல்லிடுவாரு."

யோசனை நல்ல யோசனை. நான் படியில் காலை வைத்துவிட்டேன். அப்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மாமா பாதிக் குளியலில், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். மேலே எட்டிப் பார்த்தார்.

"வேண்டாம், அவ பேசட்டும். நான் துடைச்சுண்டுடறேன்" என்றார்.

வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டோம். மாமா நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாகச் சுவரோரம் நின்றார். சிறிது நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து சுதா சிரிக்கிற சத்தம் கேட்டது. நிறுத்த முடியாமல், மூச்சு வாங்கி, திரும்பவும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. மனுஷர் இன்றைக்கும் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று தெரிந்தது. தண்ணீர் சாயங்காலம் வந்தால் வரட்டும்.